கல்லான சங்கும் கல்லான மரமும்

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்து முற்பகல். சிலப்பதிகார வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வராந்தாவில் காத்திருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். பிரித்துக் காட்டினார். உள்ளங்கை அளவுள்ள பழுப்பு நிறக் கல். அதன் மேல் சுருள் சுருளாக, கைதேர்ந்த சிற்பி செதுக்கியது போன்ற வரிகள்.

"ஐயா, இது நத்தைங்களா, சங்குங்களா? அப்பா லாரியில லோடு ஏத்துறப்போ கெடந்துச்சாம்."

அவருடைய தந்தை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். அரியலூர்ப் பகுதியில் இது வியப்புக்குரிய தொழிலன்று. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு நாள் முழுதும் ஓடும் லாரிகளின் புழுதியில்தான் எங்கள் சாலைகள் விடிகின்றன; அடைகின்றன. தமிழாசிரியனாகிய என்னிடம் அந்த மாணவர் ஏன் வந்தார் என்று கேட்டேன். "சங்குன்னா இலக்கியத்துல வரும்ல, அதாங்கய்யா" என்றார்.

அந்த விடைக்கு நான் உள்ளூர மகிழ்ந்தேன். ஆனால் அவர் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக நெய்தல் திணையை நடத்தி வருகிறேன். நான் நின்று நடத்தும் மண்ணே ஒரு காலத்தில் நெய்தல் நிலமாக இருந்தது என்பதை ஒருமுறையும் வகுப்பில் சொன்னதில்லை. அந்த வெட்கத்தில் தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. நான் நிலவியல் அறிஞன் அல்லன். படித்தறிந்ததையும், நேரில் சென்று கண்டதையும் நண்பர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

கடல் இருந்த ஊர்

இன்று அரியலூரிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் கிழக்கே நெடுந்தூரம் பயணம் செய்து தரங்கம்பாடிக்கோ பூம்புகாருக்கோ செல்ல வேண்டும். ஆனால் ஏறத்தாழ பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கேயே வந்திருந்தது. கோண்டுவானா என்று அறிஞர் பெயரிட்டுள்ள தென்பெருங்கண்டம் உடைந்து, இந்திய நிலம் பிரிந்து விலகிய காலம் அது. உடைந்த விளிம்பில் பள்ளங்கள் தோன்றின. கடல்நீர் அவற்றுள் ஏறிற்று. பல கோடி ஆண்டுகள் அக்கடல் முன்னேறுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அதன் அடியில் சேறும் மணலும் ஓடுகளும் படிந்து படிந்து இறுகியவையே இன்று ஊட்டத்தூர், காரை, குன்னம், கருடமங்கலம், கல்லங்குறிச்சி, நின்னியூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பாறைகள்.

இவற்றை உலகுக்கு அறிவித்த கதை 1840-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்குகிறது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிப்போன கடலுயிர்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்ட் இப்பகுதியை அளந்து, 1862-இல் விரிவான நூலொன்று வெளியிட்டார். பாறைகளை அவர் மூன்று தொகுதிகளாக வகுத்தார்: ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி. உலகெங்கும் உள்ள நிலவியல் மாணவர்கள் இன்றளவும் இப்பெயர்களைப் படிக்கிறார்கள். ஊட்டத்தூரை நாம் சுத்தரத்தினேசுவரர் கோயிலுக்காக அறிவோம். அவர்கள் கற்களுக்காக அறிவார்கள்.

இதற்கடுத்து வருபவர்தான் என்னைப் பெரிதும் கவர்ந்த மனிதர். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1838-இல் பிறந்தவர். 1862-இல் கல்கத்தா வந்து நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். நம் பகுதியில் திரட்டப்பட்ட கல்லுயிர்களை எடுத்துக் கொண்டு, அம்மோனைட்டுகள், நத்தைகள், இரட்டை ஓட்டுச் சிப்பிகள் என ஒவ்வொரு வகையாக வரிசைப்படுத்தி, 1863 முதல் 1873 வரை பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். கடல் நத்தைகளுக்கான தொகுதி மட்டும் 1867-68-இல் தனியாக வெளிவந்தது. யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் பயணம் செய்து திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கின் உயர்மலைப் பாதையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. கல்லறை லே நகரில் உள்ளது. அரியலூர் நத்தைகளுக்குப் பெயர் சூட்டியவர் பனிமலையடியில் உறங்குகிறார்.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். மாணவர் கொண்டுவந்த சுருள்கல்லை நானும் முதலில் நத்தை என்றே நினைத்தேன். அது அம்மோனைட். பார்வைக்கு நத்தை போல் இருந்தாலும் அது நத்தை இனமன்று. கணவாய்க்கும் நாட்டிலசுக்கும் உறவு. உள்ளே அறையறையாகத் தடுக்கப்பட்ட ஓடு அதன் அடையாளம். இமயத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்திற்குள் நாம் சக்கரமாகக் கண்டு வணங்குவதும் இவ்வுயிரின் சுவடுதான். உண்மையான கடல் நத்தைகளும் இங்கு உண்டு. திருகாணி போல் நீண்டு கூம்பும் டரிடெல்லா போன்றவை அவை. நம் வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் இந்த நத்தை வகுப்பைச் சேர்ந்தவையே.

இரண்டின் ஊழும் வேறாயின என்பதுதான் வியப்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களை முடித்த பேரழிவு அம்மோனைட்டுகளையும் முடித்தது. கல்லங்குறிச்சிப் பாறைகளுக்குப் பின்னர்ப் படிந்த நின்னியூர்ப் பாறைகளில் அம்மோனைட் இல்லை, நத்தை உண்டு. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மிதிவண்டியில் செல்லும் தொலைவுக்குள் ஓர் இனத்தின் முடிவையும் மற்றோர் இனத்தின் தொடர்ச்சியையும் காணலாம் என்றால், அதைவிடப் பெரிய வரலாற்று நூல் எது?

சாத்தனூர்க் கல்மரம்

இனி மரம். பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையை விட்டு விலகி, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காடுகளின் வழியே சென்றால் சாத்தனூர் வரும். ஊரை அடுத்து வேலியிட்ட ஒரு வளாகம். அதனுள் ஓடைக்கரையை ஒட்டிப் படுத்த நிலையில் கிடக்கிறது கல்மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம். முதலில் பார்ப்பவர்க்குக் கல் என்றே தோன்றாது. நேற்று வெட்டிப் போட்ட மரம் என்றுதான் தோன்றும். நார் ஓடிய வரிகள் தெரிகின்றன. தொட்டால்தான் கல்லின் சில்லிப்பு கையில் ஏறும்.

1940-இல் இதனை முறையாகக் கண்டு தெரிவித்தவர் நிலவியல் ஆய்வுத்துறையின் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, 1951-இல் அத்துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்த தமிழர். இந்தியாவின் நிலவியல் பற்றி அவர் எழுதிய நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. வரகூர், ஆனைப்பாடி, அழுந்தலைப்பூர், சாரதாமங்கலம் ஆகிய ஊர்களின் அருகேயும் இத்தகைய கல்மரத் துண்டுகள் கிடைத்துள்ளன. சாத்தனூர் மரம் 12 கோடி ஆண்டுகள் பழமையானது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

இது ஊசியிலை மர இனத்தைச் சார்ந்தது என்று குறிப்பிடுகிறார்கள். பூவும் கனியும் தரும் மரங்கள் உலகில் ஆதிக்கம் பெறுவதற்கு முன், காடென்றாலே ஊசியிலை மரங்களும் ஈந்து போன்ற தோற்றமுடைய சைக்கஸ் மரங்களும் பெரணிகளும்தாம். கடலை நோக்கி ஓடிய ஆற்றுவெள்ளத்தில் விழுந்து, கழிமுகம் கடந்து, கடலடிச் சேற்றில் புதைந்தது இம்மரம். காற்றுப் புகாத சேற்றில் அழுகாமல் கிடந்தபோது, நீரில் கரைந்திருந்த சிலிகா அதன் உயிரணுக்களின் இடத்தில் சிறிது சிறிதாக வந்து அமர்ந்தது. மரம் போய்விட்டது, மரத்தின் வடிவம் தங்கிவிட்டது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு. அவை காலத்தால் மிகவும் பிந்தியவை. ஆனால் மக்கள் மனத்தில் அவை பெற்ற இடம் பெரிது. பெருமாளால் கொல்லப்பட்ட வக்கராசுரனின் எலும்புகளே அவை என்பது அங்குள்ள தலபுராணம். சாத்தனூர் மரத்திற்கு அப்படியொரு புராணம் வாய்க்கவில்லை. ஒருவேளை வாய்த்திருந்தால் அதைச் சுற்றி ஒரு சுற்றுமதில் எப்போதோ எழுந்திருக்கும். நம் நாட்டில் கதை இல்லாத கல்லுக்குக் காவல் குறைவு. கல்லங்குறிச்சியிலேயே கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் ஒரு கற்கம்பம் இறைவனாக வணங்கப்படுகிறது; அதற்கு யாரும் காவல் போட வேண்டியதில்லை.

கருடமங்கலம் பகுதியின் பாறைகளில் கிடைத்த கல்மரத் துண்டுகள் சிலவற்றில் துளைகள் காணப்படுகின்றன. மரக்கலங்களைத் துளைத்து அழிப்பதாக மாலுமிகள் அஞ்சிய கப்பற்புழுவின் முன்னோர் இட்ட துளைகள் அவை. புழு என்று பெயரே தவிர, அதுவும் சிப்பி இனத்து மெல்லுடலி. நத்தைக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆக, காட்டிலிருந்து வந்த மரமும் கடலில் வாழ்ந்த ஓட்டுயிரும் ஒன்றையொன்று சந்தித்தது நம் ஊரில்தான். குறிஞ்சியும் முல்லையும் நெய்தலிடம் அடைக்கலம் புகுந்த இடம் இது.

உயிருள்ள இருவர்

கல்லாகிப்போனவற்றைப் படிக்கையில், இவற்றின் உயிருள்ள உறவினர் இன்று எந்நிலையில் உள்ளனர் என்ற எண்ணம் எழுவது இயல்பே. தேடியபோது இரண்டு உயிர்கள் எதிர்ப்பட்டன. ஒன்று நத்தை, மற்றொன்று மரம்.

நத்தை நம் இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தது. கடலடியில் இரண்டாயிரத்து நானூறு மீட்டருக்கும் கீழே, பாறை வெடிப்புகளின் வழியே கொதிநீர் பீறிடும் இடங்கள் உள்ளன. வெளிச்சம் எட்டாத அவ்விடங்களில் 2001-இல் ஒரு விந்தையான நத்தை கண்டறியப்பட்டது. அதன் பாதத்தின் மேல் ஓடுகள் வேய்ந்தது போல் செதிள்கள். அச்செதிள்களின் மேல் இரும்புச் சல்பைடு பூச்சு. இரும்புக் கவசம் பூண்ட உயிரினம் இதைத் தவிர வேறொன்றும் அறியப்படவில்லை. தமிழில் இதனைச் செதிள்பாத நத்தை எனலாம். இது இரை தேடுவதில்லை. தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், கொதிநீரில் வரும் வேதிப்பொருள்களைக் கொண்டு ஆக்கித் தரும் உணவில் வாழ்கிறது.

2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழியும் நிலையில் உள்ள உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அப்போது மூன்றே இடங்களில்தான் இது அறியப்பட்டிருந்தது; அவ்விடங்களை எல்லாம் கூட்டினாலும் சில விளையாட்டுத் திடல்கள் அளவே. பின்னர் மேலும் சில இடங்களில் கண்டுள்ளனர். யாரும் இதைப் பிடித்துத் தின்னவில்லை, யாரும் விற்கவில்லை. பிறகு ஆபத்து எங்கிருந்து வந்தது? கொதிநீர் ஊற்றுகளைச் சுற்றிப் படிந்துள்ள செம்பு, துத்தநாகம், பொன் முதலிய கனிமங்களை அகழ நாடுகள் விரும்புகின்றன. ஆழ்கடல் சுரங்கத்தால் நேரக்கூடிய ஆபத்தைக் காரணமாகக் காட்டி அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் இதுவே. இந்தியப் பெருங்கடலில் இத்தகைய கனிமங்களைத் தேடுவதற்கு நம் நாடும் 2016-இல் பன்னாட்டுக் கடலடி ஆணையத்துடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துள்ளது. அரியலூரில் பழைய கடலடியைத் தோண்டுகிறோம். அங்கே புதிய கடலடியைத் தோண்ட எண்ணுகிறோம். பார்க்கப்போனால் இரண்டும் ஒரே தொழில்.

மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. சிட்னிக்கு வடமேற்கே உள்ள வொலமை தேசியப் பூங்காவின் ஆழ்ந்த மலைப்பிளவு ஒன்றில், 1994 செப்டம்பரில், டேவிட் நோபிள் என்னும் பூங்காப் பணியாளர் கயிற்றில் இறங்கியபோது அறியாத மரக்கூட்டம் ஒன்றைக் கண்டார். அரௌகேரியா குடும்பத்தைச் சேர்ந்த அது வொலமை பைன் என்று பெயர் பெற்றது. இக்குடும்பம் டைனோசார்கள் வாழ்ந்த காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. கல்லாக மட்டும் அறிந்திருந்த உறவுக்காரர் உயிருடன் வாசலில் வந்து நின்றாற்போன்ற நிகழ்ச்சி. காட்டில் உள்ள முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவு. இவையும் மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் உள்ளன. ஊசியிலை மரங்கள் முழுவதையும் கணக்கிட்டால், மூன்றில் ஒரு பங்கு இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன என 2013-இல் அச்சங்கம் மதிப்பிட்டது.

இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

இருவருக்கும் பொதுவானது, இடம் குறுகியது. உலகத்தில் வேறெங்கும் போக்கிடம் இல்லாமல் ஒரு பிளவில் ஒருவர். ஒரு வெடிப்பில் மற்றவர். இருவருமே தாமே சென்று வேறிடம் தேடிக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைந்தவர்கள். இருவரும் நம் தலைமுறையில்தான் அறியப்பட்டார்கள். அறியப்பட்ட சூட்டிலேயே ஆபத்துப் பட்டியலுக்கும் வந்தார்கள்.

வேறுபாடு, மனிதன் நடந்துகொண்ட முறையில் உள்ளது. வொலமை மரம் நிற்கும் இடத்தை அரசு இன்றுவரை மறைத்து வைத்துள்ளது. வருவோரின் காலணியில் ஒட்டிய மண் வழியே வேரழுகல் நோய் புகுந்துவிடும் என்ற அச்சம். அந்நோய் உள்ளே நுழைந்தும் இருக்கிறது. 2019-20 காட்டுத்தீயின்போது வானிலிருந்து தீத்தடுப்பானைத் தெளித்தும், பிளவுக்குள் நீர்ப்பாசனம் அமைத்தும் தீயணைப்பு வீரர்கள் அம்மரங்களைக் காத்தார்கள். இதோடு, கிளைகளை வெட்டி நட்டுக் கன்றுகளாக்கி உலகெங்கும் விற்றார்கள். இன்று பல நாடுகளின் தாவரத் தோட்டங்களில் அது வளர்கிறது. காட்டில் அழிந்தாலும் தோட்டத்தில் பிழைக்கும்.

நத்தைக்கு இந்த வழி இல்லை. அதன் இருப்பிடம் மறைவாகவும் இல்லை. வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளது, கனிமத்தின் பொருட்டு. அதைத் தொட்டியில் வளர்த்துப் பெருக்க எவருக்கும் இயலவில்லை. கொதிநீர் ஊற்றும் இருளும் ஆழத்தின் அழுத்தமும் சேர்ந்ததுதான் அதன் வீடு. வீட்டைப் பெயர்த்து எடுத்து வர முடியாது. மரத்தைக் காக்க மரத்தை நடலாம். நத்தையைக் காக்க இடத்தை விட்டுவிடுவது ஒன்றே வழி.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தல் கொற்கைக் காலம் தொட்டு நிகழும் தொழில். பிற்காலத்தில் அங்கு எடுத்த சங்குகள் வளையல் அறுக்க வங்காளம் வரை சென்றன. 1914-இல் இந்தியச் சங்கு பற்றித் தனி நூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், அத்தொழிலின் முறைகளை விரிவாகப் பதிந்திருக்கிறார். குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய சங்கை எடுத்தால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது அரசு வகுத்திருந்த விதி. இப்பி ஆயிரம் சூழ இடம்புரி, இடம்புரி ஆயிரம் சூழ வலம்புரி, வலம்புரி ஆயிரம் சூழ சலஞ்சலம், சலஞ்சலம் ஆயிரம் சூழ பாஞ்சசன்னியம் என்று ஒரு மரபு வகைப்பாடு நம்மிடம் உண்டு. உயிரியல் நோக்கில் அது சரியன்று. ஆனால் அரியதற்கும் எளியதற்கும் வேறுபாடு கண்டு, அரியதைப் போற்றிய மனம் அதில் தெரிகிறது.

மூன்றாவது ஆபத்து

உயிருள்ள நத்தையும் உயிருள்ள மரமும் ஆபத்துப் பட்டியலில் உள்ளன. அரியலூரின் கல்நத்தையும் சாத்தனூரின் கல்மரமும் எந்தப் பட்டியலில் உள்ளன? இந்தக் கேள்விதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உயிருள்ளவற்றைக் காக்கிறது; 2001 முதல் சில கடற்சங்கு வகைகளும் அதன் அட்டவணையில் உள்ளன. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டம் மனிதன் கைபட்ட பழமையைக் காக்கிறது. உயிரும் இல்லாத, மனிதன் கையும் படாத கல்லுயிர் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்பது ஆய்வுத்துறை வழங்கும் சிறப்பு. அதற்குப் பின்னால் தனியொரு சட்டம் இல்லை. நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கான வரைவு மசோதா 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது.

இழப்பு எப்படி இருக்கும் என்பதற்கு வெளியூர் எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில், 1980-களில், யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியல் அறிஞர் இருவர் ஒரு மாபெரும் டைனோசாரின் எலும்புகளைக் கண்டறிந்தனர். பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்பது பொருள். அவர்கள் பதிந்த அளவுகள் சரியென்றால், உலகில் நடந்த மிகப்பெரிய நில விலங்குகளுள் ஒன்று அது. ஆனால் இன்று அந்த எலும்புகள் இல்லை. களிமண்ணில் ஊறி நலிந்திருந்த அவை எடுக்கப்பட்ட பின் பொடிந்து போயின. 2022-இல் பழைய புகைப்படங்கள் வெளியிடப்பட்ட பிறகே, இருந்ததா இல்லையா என்ற ஐயம் ஓரளவு தணிந்தது. உலகின் மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்றென ஆய்வாளர் பேசும் உயிர் நம் ஊரில் கிடைத்தும், நமக்கு மிஞ்சியது சில புகைப்படங்கள்.

இன்னொரு புறம், 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசார் முட்டை என்று ஊரே திரண்டது. அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய மண்ணுருண்டைகள் என்று வல்லுநர் சொன்னதும் கூட்டம் கலைந்தது. முட்டையென்றால் செய்தி, அம்மோனைட் என்றால் வெறுங்கல். அந்த அம்மோனைட்டும் பல கோடி ஆண்டு மூத்தது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாம் மதிப்பது பழமையையா, பரபரப்பையா?

சாத்தனூர் மரத்துக்கு வேலி உண்டு. நத்தைகளுக்கு அதுவும் இல்லை. காரை ஊரை அடுத்த செம்மண் ஓடைவெளிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். மழை அறுத்த மேடுபள்ளங்கள். வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகள். காலடியில் துப்பாக்கி ரவை போன்ற பெலம்னைட்டுகள். ஒவ்வொரு மழையும் புதிதாக ஒன்றை வெளிக்கொணர்கிறது. அடுத்த மழை அதனை அடித்துச் செல்கிறது. இடையில் வருபவர் பையில் போட்டுக்கொண்டு போகிறார். ஒரு மரம் பெரிதாக இருப்பதால் காக்கப்படுகிறது. பல்லாயிரம் நத்தைகள் சிறியனவாக இருப்பதால் கைவிடப்படுகின்றன. உயிருலகிலும் இப்படித்தான். வொலமை மரத்துக்கு வானூர்தி வருகிறது. நத்தைக்கு யார் வருவார்?

லாரி ஓட்டுநர் கேட்டது

இவ்வளவும் படித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் தந்தையிடம், தாம் ஏற்றிச் செல்லும் சுண்ணாம்புக்கல் பல கோடி சிப்பி ஓடுகளின் திரட்சி என்பதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்போ இந்த வீடும் சிப்பியிலதான் நிக்குது, இல்லீங்களா சார்?" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் வீடு மட்டுமா? என் வீடு, நான் பாடம் நடத்தும் வகுப்பறை, இக்கட்டுரையைப் படிக்கும் உங்கள் கூரை, யாவும் சிமெண்ட்தான். கல்லக்குடியில் 1939-இல் ஆலை எழுந்த நாள் முதல் இப்பகுதியின் பிழைப்பு சுண்ணாம்புக்கல்லோடு பிணைந்துள்ளது. மானாவாரி வேளாண்மை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். தோண்டாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மேலும், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையின் அடுக்குகளை ஆய்வாளர் காண முடிந்ததே சுரங்கத்தின் வெட்டுமுகங்களில்தான். அழிக்கின்ற கையே காட்டவும் செய்கிறது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? வெட்டுமுகங்களில் ஒரு சிலவற்றையேனும் வெட்டாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கலாம். சிறிய சங்கைக் கடலில் திரும்ப விட்டது போல. கல்லுயிர் தென்பட்டால் வேலையாள் எவரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சுரங்க வாசலில் தமிழில் எழுதி வைக்கலாம். வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அதற்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா செல்லும் பேருந்துகள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆயிரமாண்டுப் பெருமையைக் காணச் செல்வோர் வழியில் பல கோடி ஆண்டுப் பெருமையையும் கண்டு செல்லட்டும்.

ஆபத்தில் இருக்கும் மரத்தை நட்டுப் பெருக்கலாம். ஆபத்தில் இருக்கும் நத்தையை, இடத்தை விட்டுக் கொடுத்தால், அது தானே பெருகிக்கொள்ளும். கல்லான நத்தையும் கல்லான மரமும் பெருகமாட்டா. அவற்றுக்கு விதை இல்லை, முட்டை இல்லை. இருக்கிற ஒன்று போனால் போனதுதான். அழிந்த உயிரின் கடைசிச் சான்றும் அழிவதை இரண்டாம் அழிவு எனலாம். முதல் அழிவுக்கு நாம் பொறுப்பல்லர்.

அந்த மாணவர் இப்போது படிப்பை முடித்துவிட்டார். கல்லை என்னிடமே கொடுத்துவிட்டுப் போக விரும்பினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை, அருங்காட்சியகத்தில் சேர்த்துவிடும்படி சொன்னேன். எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்கச் சொன்னேன். எடுத்தவர் என்ற இடத்தில் அவர் தம் தந்தையின் பெயரை எழுதினார். கேயும் கன்லிஃபும் ஸ்டோலிச்காவும் இடம்பெற்ற வரிசையில் ஒரு லாரி ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார்.

இவ்வாண்டு முதல் நெய்தல் திணையை நடத்தத் தொடங்கும் நாளில், வகுப்பைக் காரை ஓடைவெளியில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். அப்பக்கம் வரும் நண்பர்கள் சொல்லி அனுப்பினால், சேர்ந்தே போகலாம்.